ஹேஸ்டி போகும் வழியில் ஒரு படல்

கோல்பர்னில் வண்டியை நிறுத்துகிறவர்கள் பெட்ரோலுக்காக நிறுத்துவார்கள், இல்லையென்றால் கழிப்பறைக்காக. இரண்டும் வெர்டா ஹோல்கேட்டின் இடத்தில்தான் இருந்தன. கழிப்பறைச் சாவி ஒரு மாட்டுத் தாடை எலும்பில் கட்டித் தொங்கும். அதை எடுத்து நீட்டும்போதே அவள் பேச்சைத் தொடங்கிவிடுவாள்.

"எங்கேருந்து வரீங்க? ஒஹையோவா? அம்மாடி! இன்னைக்கே கலிஃபோர்னியா போய் என்ன பண்ணப் போறீங்க? கடல் எங்கேயும் ஓடிப் போயிடாது."

அவர்கள் கழிப்பறையிலிருந்து திரும்புவதற்குள் மேசையில் காப்பி இருக்கும். காப்பி ஆறுவதற்குள் பீச் பழம் வைத்துச் சுட்ட பை வந்துவிடும். அந்தத் தட்டு காலியாவதற்குள் அவர்களில் பாதிப் பேர் பின்னால் இருக்கும் அறைகளில் ஒன்றை எடுத்திருப்பார்கள். சுரங்கம் மூடி, அதன் பின்னாலேயே பள்ளிக்கூடமும் மூடி, நெவாடாவின் வரைபடத்தில் மட்டும் மிச்சமிருந்த எங்கள் ஊரில் ராத்திரி விளக்கெரியும் ஒரே விடுதியை அவள் இப்படித்தான் நடத்திவந்தாள்.

நானும் வெர்டாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் தம்பி ஃபெரிஸ் எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே. பதினெட்டு வயதில் அவள் முடி அலங்காரம் படிப்பதற்கு ரீனோ போனாள். படித்து முடித்து, கடலோரத்தில் ஏதாவது ஒரு ஊரில் கடை போடுவதாக இருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மாட்டையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள வந்தவள் திரும்பிப் போகவில்லை. சுரங்கத்தில் வேலை செய்த எல்வுட்டைக் கட்டிக்கொண்டாள். சுரங்கம் மூடியபோது அவன் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போனான். அங்கேயே வேறொருத்தியுடன் குடும்பமாகிவிட்டான். வெர்டா அதைப்பற்றிப் பேசுவதில்லை. கேட்டால், "அவனுக்குக் குளிர் பிடிச்சுப்போச்சு" என்பாள்.

கடலை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் வருகிறவர்களை வைத்து உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் எந்தெந்தச் சிற்றூர் வழியாக வந்தார்கள், அங்கே என்ன சாப்பிட்டார்கள், தெருநாய்கள் எப்படி இருந்தன என்று துருவித் துருவிக் கேட்பாள். பதிலுக்கு அவளும் தன் பங்கைக் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்காக அவள் ஒரு கேள்விக்குக் காத்திருப்பாள்.

"கைடு புத்தகத்துல இல்லாத இடம் ஏதாவது இந்தப் பக்கம் இருக்கா?"

இதை யாராவது கேட்டுவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மேசையில் விரிக்கும் காகிதத்தைப் புரட்டிப் போட்டு, காதில் செருகிய பென்சிலை எடுத்து வழி வரைவாள். மலைக்குப் பின்னால் வெந்நீர் ஊற்று. பாறையில் ஆடு செதுக்கிய இடம். எல்லாவற்றுக்கும் மேல் ஹேஸ்டி: வெள்ளி கிடைத்த காலத்தில் எழும்பி, வெள்ளி தீர்ந்ததும் மனிதர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போன ஊர். கூரையில்லாத வங்கியும், கதவு மட்டும் நிற்கும் தபால் நிலையமும் இருக்கும். ஹேஸ்டிக்குப் போகும் மண்பாதை ஃபெரிஸின் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து ஏறி, மேற்கே வெகுதூரம் தள்ளி மறுபடியும் நெடுஞ்சாலையில் போய்ச் சேரும். அந்தப் பாதையை நான்தான் சமன்படுத்துகிறேன். மாவட்ட நிர்வாகமான கவுண்ட்டியின் மண்சாலைகளில், மண்ணை நிரவும் கிரேடர் வண்டி ஓட்டுவது என் வேலை.

வரைந்து முடித்ததும் வெர்டா மூன்று விஷயம் சொல்வாள். டேங்க் நிறைய பெட்ரோல் போடுங்கள். தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் படல் வந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் பக்கத்தில் பெரிது. திறந்திருக்கும் படலை மூடக் கூடாது. மூடியிருந்தால் திறந்து, கடந்து, மறுபடி மூட வேண்டும். மாட்டை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று மாட்டுக்காரனுக்குத் தெரியும். படல் இருக்கும் நிலையே அவன் சொல். அடுத்தவன் படலில் கைவைத்து யோசிப்பது அவன் சமையலறைக்குள் போய் உப்பு போடுவது மாதிரி. எங்கள் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடும்.

ஃபெரிஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மாடுதான் அவனுக்கு எல்லாம். தினமும் மத்தியானம் வெர்டாவின் கடைக்கு வந்து, கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுவான். அக்காவை 'மேயரம்மா' என்றுதான் கூப்பிடுவான். எங்கள் ஊருக்கு மேயரே கிடையாது.

"மேயரம்மா, இன்னைக்கு எத்தனை பேரை என் நிலத்துல ஏத்தி விட்டிருக்கே? மாடுங்களுக்குக் கூச்சமா இருக்காம். எல்லாரும் போட்டோ எடுக்கறாங்களாம்."

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அதுங்க சலிச்சுப் போயிருக்கும்டா. நாலு நல்ல முகம் பார்க்கட்டும்."

அந்த ஜூலையில் ஒஹையோவிலிருந்து நோரீன், ரஸ்ஸல் என்று ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். சின்னச் சின்ன ஊராகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி தங்கிப் போவது என்று கிளம்பியவர்கள். வெர்டாவுக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ராத்திரி கடையைச் சாத்தின பிறகும் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஹேஸ்டிக்கு வழி வரைந்து கொடுத்தாள். மூன்று விஷயமும் சொன்னாள். அவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரித் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

ஃபெரிஸின் நிலம் மலையடிவாரத்தில் இரண்டு பாகமாக இருக்கிறது. மேலே ஜூனிப்பர் மரமும் நல்ல புல்லும் உள்ள மேட்டுப்பக்கம். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. கீழே ஊற்றுப்பக்கம்; ஊற்றிலிருந்து குழாய் வைத்து ஒரு நீளத் தொட்டியில் தண்ணீர் விழும். இரண்டுக்கும் நடுவே ஃபெரிஸ் கட்டிய வேலி. ஐந்து வரிசை முள்கம்பி, ஜூனிப்பர் கம்பங்கள். அவ்வளவு முறுக்கான வேலியை எங்கள் பள்ளத்தாக்கில் வேறு எவனும் கட்டியதில்லை. பாதை கடக்கும் இடத்தில் ஒரு கம்பிப் படல். எங்கள் படலுக்குக் கீலும் சட்டமும் கிடையாது. நாலு குச்சியில் முள்கம்பியை ஓட்டியது. மூடும்போது கடைசிக் குச்சியைக் கம்பத்தோடு தோளால் நெருக்கி, கம்பி வளையத்தை மாட்டுவோம். திறந்தால் சுருண்டு தரையில் கிடக்கும். வெயில் காலத்தில் ஃபெரிஸ் அதைத் திறந்தே போட்டிருப்பான். மாடுகள் மேலே மேய்ந்துவிட்டுக் கீழே வந்து குடித்துவிட்டுப் போகும்.

நோரீனும் ரஸ்ஸலும் அந்த இடத்துக்கு வந்தார்கள். புதருக்குள் முள்கம்பி விழுந்து கிடந்தது. படல் என்றால் அவர்கள் ஊரில் இரும்புச் சட்டமும் கீலும் வைத்தது. இது அவர்கள் கண்ணுக்கு அறுந்துபோன வேலியாகத் தெரிந்தது. நேற்று வயிறாரச் சோறு போட்டவளின் தம்பியுடைய வேலி. பார்த்தும் பாராமல் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. வண்டியை அந்தப் பக்கம் விட்டு, கம்பியைத் தூக்கி நிறுத்தினார்கள். கடைசிக் குச்சியைக் கம்பத்தோடு நெருக்க அவர்களால் முடியவில்லை. கம்பத்தில் வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிறு கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சுற்றிச் சுற்றி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, நன்றாகக் கட்டிவிட்டு, ஹேஸ்டியைப் பார்த்து, மேற்கு வழியாக நெடுஞ்சாலை ஏறிப் போய்விட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதே நாள் மத்தியானம் ஃபெரிஸ் கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சரிந்தான். மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. நான் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வெர்டாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"வெர்டா. மாடுங்க இருந்தா நான் திரும்பி வருவேன்."

'மேயரம்மா' என்று சொல்லவில்லை.

"அதெல்லாம் இருக்கும்டா. எங்கே போகப் போகுது?"

"தண்ணி..."

அதற்குள் ஆக்சிஜன் முகமூடியை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை, ரீனோவுக்குக் கிளம்புமுன், அவள் மலையடிவாரத்துக்குப் போனாள். தண்ணீர் என்றானே, அதைப் பார்க்கத்தான். தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஊற்றுப்பக்கத்து வில்லோ மர நிழலில் சில மாடுகள் கன்றுகளோடு படுத்துக்கிடந்தன. படல் மூடியிருந்தது.

அடுத்த வாரம் மந்தையைக் கீழே இறக்கி, மேட்டுப் புல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஃபெரிஸ் சொல்லிக்கொண்டிருந்தான். விழுவதற்கு முன் காலையில் அந்த வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். மற்ற மாடுகள் ஊற்றுக்குக் கீழே ஓடைக்குள் நிற்கும். பிறகு அந்தக் கயிற்றைப் பார்த்தாள். வளையம் மாட்டப்படவில்லை. ஆரஞ்சுக் கயிறு கோணல்மாணலாகச் சுற்றி, குழந்தை போட்டது மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது.

அந்த முடிச்சுகளைத் தொட்டுக்கொண்டே அங்கே நின்று அழுதேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள். படலைத் தோளால் நெருக்கக்கூடத் தம்பியிடம் தெம்பு இல்லாமல் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து தன்னோடு சிரித்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவிழ்த்துவிட்டு மேட்டுக்கு ஏறி ஒரு பார்வை பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவன் மூடிய படல். எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு ரீனோவுக்குப் போனாள்.

ஃபெரிஸை ஏற்றி அனுப்பிய பிறகு, அந்த வாரம் முழுக்க நான் பள்ளத்தாக்கின் தென்கோடியில் வேலையாக இருந்தேன். அங்கேயே டிரெய்லரில் தங்கியிருந்தேன். வேலை முடித்துத் திரும்பும் வழியில், மலை முகட்டில் சாப்பிடுவதற்காக எஞ்சினை அணைத்தேன். அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மாடு கத்துவது எனக்குப் புதிதல்ல. கன்றைப் பிரித்தால் கத்தும், நரி வந்தால் கத்தும். இது தொண்டை வறண்ட பிறகு காற்று மட்டும் வருகிற சத்தம். அண்டங்காக்கைகள் வேலி நெடுக உட்கார்ந்திருந்தன.

கீழே இறங்கிப் போனேன். மந்தையில் பெரும்பாலானவை மேட்டுப்பக்கத்து வேலியோரம் நெருக்கியடித்து நின்றன. கண்கள் உள்ளே போயிருந்தன. நாக்கு வெளியே தொங்கியது. சில படுத்துவிட்டன, சில இனி எழாது. கம்பியைத் தாண்டப் பார்த்த ஒரு பசு அதிலேயே தொங்கிச் செத்திருந்தது. வேறு வேலியாக இருந்திருந்தால் முதல் இரண்டு நாளிலேயே சாய்த்துக்கொண்டு போயிருக்கும். ஃபெரிஸின் வேலி நின்றது. கன்றுகள் மட்டும் கம்பிக்கு அடியில் நுழைந்து தண்ணீர் குடித்துவிட்டு, தாயிடம் திரும்பி வந்து, பால் வராத மடியை முட்டிக்கொண்டிருந்தன. எதிரே, கல் எறிகிற தூரத்தில், தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

மறுபடி முகட்டுக்கு ஓடினேன். போன் அங்கேதான் எடுக்கும். வெர்டா ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள்.

"வெண்டல்! ஆபரேஷன் முடிஞ்சுது. வாயில குழாய் வெச்சிருக்காங்க, பேச முடியாது, ஆனா கண்ணைத் திறந்து பார்த்தான்."

"வெர்டா, மாடெல்லாம் மேட்டுப்பக்கம் இருக்கு."

"எந்த மாடு?"

"ஏறக்குறைய எல்லாமே. படல் கட்டியிருக்கு. வேலியோரமா விழுந்து கிடக்குதுங்க. செத்ததும் இருக்கு. நான் போய் அவிழ்த்து விடறேன்."

மறுமுனையில் அவள் கத்தினாள்.

"தொடாதே! வெண்டல், கையை வெக்காதே! இப்ப விட்டா எல்லாம் தொட்டிக்கு ஓடும். நிக்காம குடிக்கும். இத்தனை நாள் காஞ்ச மாடு ஒரேயடியா குடிச்சா வலிப்பு வந்து செத்துடும். அப்பா இருந்தப்போ ஒரு தடவை என் கண்ணால பார்த்திருக்கேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கணும். லமாரைக் கூப்பிடு. உன் தண்ணி லாரியைக் கொண்டு வா. நான் வர வரைக்கும் அந்தப் படல் திறக்கக் கூடாது."

புழுதி அடங்கச் சாலையில் தெளிக்கிற கவுண்ட்டி லாரியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தேன். பக்கத்துப் பண்ணைக்காரன் லமார் தகரத் தொட்டிகளும் வாளிகளும் கொண்டு வந்தான். துப்பாக்கியையும் கொண்டு வந்தான், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. லாரியை மேற்கு வழியாகச் சுற்றி மேட்டுக்கு ஏற்றினோம். ஒரு மாட்டுக்கு ஒரு வாளிக்குக் குறைவாக. குடித்ததை விரட்டிவிட்டு, குடிக்காததை இழுத்துவர வேண்டும். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று தெரியாமல் முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான் லமார். வாளியைப் பிடுங்கும்போது அவை பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"இதுக்குச் சும்மா சுட்டுடலாம்டா வெண்டல். அதுவாவது கருணை" என்றான் லமார்.

"அவ வரட்டும்."

மாலை வெயில் சாயும்போது வெர்டா வந்தாள். ஆஸ்பத்திரிக்கென்று உடுத்திக்கொண்டு போன நல்ல உடுப்பிலேயே இருந்தாள். மாடுகளைப் பார்த்துக் கத்துவாள், உட்கார்ந்து அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. நேராகப் படலுக்குப் போய், ஊற்றுப்பக்கமாக அதன் குறுக்கே கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில்தான் மந்தையின் நெருக்கடி அதிகம். ஃபெரிஸ் மாடுகளுக்குப் பெயர் வைக்கிறவன் இல்லை. கொம்பு வளைந்த ஒரு கிழட்டுப் பசுவை மட்டும் 'டச்சஸ்' என்பான். மந்தைக்கு அதுதான் முன்னால் நடக்கும். அது படல் கம்பத்தில் சுற்றியிருந்த ஆரஞ்சுக் கயிற்றை நக்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறு டச்சஸ்" என்றாள் வெர்டா. "கொஞ்சம் பொறுடி. தரமாட்டேன்னா சொல்றேன்? காலைல தரேன். நாளைக்கு முழுசாத் தரேன். இப்ப கேட்காதே."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே செத்துக்கொண்டிருக்கிற மாட்டிடம், தண்ணீரை மறைத்துக்கொண்டு நின்று, அவள் அப்படிக் கெஞ்சினாள். நான் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று அந்தி வேளையில் காற்று திசை மாறி, பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறியது. அப்படி மாறலாம் என்பதை மூன்று பேரும் மறந்துவிட்டோம். ஊற்றைத் தொட்டுக்கொண்டு வந்த ஈரக் காற்று மந்தையின் மூக்கில் பட்டது. ஒரே சமயத்தில் எல்லாத் தலையும் திரும்பின. படுத்திருந்தவைகூட எழுந்தன.

"வெர்டா, நகரு!" என்று லமார் கத்தினான்.

அவள் நகரவில்லை. "ஹோ! ஹோ!" என்று கத்திக்கொண்டே முள்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து மந்தையின் பக்கமாக அழுத்தினாள். டச்சஸ் மார்பால் தள்ளியது. அதன் பின்னால் மொத்த மந்தையும் தள்ளியது. கயிறு அவிழவில்லை. கம்பம்தான் தரையோடு முறிந்தது. நான் ஓடிப்போய் அவளை இடுப்பைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தேன். அவள் உள்ளங்கைகள் கம்பியில் கிழிந்து வந்தன. எங்களைத் தாண்டி அவை ஓடின.

தொட்டியைக் கவிழ்க்கப் பார்த்தான் லமார். நடக்கிற காரியமா? ஊற்றின் சேற்றிலேயே முகத்தைப் புதைத்துக் குடித்தன. வெர்டா என் கையை உதறிவிட்டு அவற்றின் நடுவே போனாள். ரத்தம் வழியும் கையால் முகத்தில் அடித்தாள், தலையைப் பிடித்துத் தூக்கினாள். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்று குனிந்தது.

"போதும்! போதும்டி! ஐயோ, போதும்!"

இருட்டுவதற்குள் முதல் மாடு தள்ளாடத் தொடங்கியது. டச்சஸ் அடுத்ததாக விழுந்தது. காலை உதைத்துக்கொண்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு. லமார் துப்பாக்கியை எடுத்தான். வெர்டா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் மட்டும் அசைந்தது.

காலையில் கவுண்ட்டியின் மண் அள்ளும் இயந்திரத்தை வைத்து நான் குழி தோண்டினேன். முதலிலிருந்தே ஊற்றுப்பக்கம் இருந்தவையும், நாங்கள் வாளியில் போதுமான அளவு கொடுத்திருந்த சிலவும், தாயில்லாத கன்றுகளும் மிச்சம். அதை மந்தை என்று சொல்ல முடியாது.

கையில் கட்டோடு அவளால் ஓட்ட முடியாது என்பதால் ரீனோவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். ஃபெரிஸின் வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் கதவருகே நின்றுகொண்டேன்.

"கைல என்ன கட்டு, மேயரம்மா?" என்றான் கரகரத்த குரலில். "சமையல்காரிக்குக் கத்தி பிடிக்கத் தெரியலையா?"

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. டச்சஸைக்கூடச் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மானிட்டரின் சத்தம் கொஞ்சம் வேகமானது, பிறகு அடங்கியது.

"நான் அந்தப் படலைத் தொடவே இல்லையே" என்றான்.

"இப்பத் தெரியுது. அன்னைக்கு நீதான் மூடினேன்னு நினைச்சுட்டேன்."

"வளையம் மாட்டியிருந்துச்சா?"

"இல்லை. கயிறு கட்டியிருந்துச்சு. வைக்கோல் கயிறு. முடிச்சு முடிச்சா." கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். "உன் கையில தெம்பு இல்லாமப் போச்சுன்னு நினைச்சேன்டா."

அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். மாடு செத்த சேதிக்குக் கலங்காத கண் அப்போது கலங்கியது.

"நான் படல்ல கயிறு கட்டுவேன்னு நினைச்சியா? நீ?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போகும்போது அவன் தோளைத் தொட்டாள். அவன் தட்டிவிடவில்லை, திரும்பவும் இல்லை.

உடம்பு தேறிய பிறகும் ஃபெரிஸ் கோல்பர்னுக்கு வரவில்லை. மிச்ச மாடுகளை லமாரிடம் விட்டுவிடச் சொல்லி எனக்குப் போன் செய்தான். ரீனோவில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். "எப்ப வர்றே?" என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்றான். வெர்டா மாதம் ஒருமுறை பீச் பை சுட்டு எடுத்துக்கொண்டு போகிறாள். சாப்பிடுகிறான், நன்றி சொல்கிறான். 'மேயரம்மா' என்று கூப்பிடுவதில்லை.

செப்டம்பர் வாக்கில் ஒருநாள் நான் கடையில் இருக்கும்போது போன் வந்தது. நோரீன். உற்சாகமான குரல்; நான் உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. அறையில் தொப்பியை விட்டுவிட்டு வந்துவிட்டாளாம், வைக்கோல் தொப்பி, இருக்கிறதா? இருந்தது, வெர்டா எடுத்துவைத்திருந்தாள். ஹேஸ்டியைப் போல ஒரு இடத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லையாம். அடுத்த கோடையில் மறுபடி வருகிறார்களாம்.

"அப்புறம், உங்க தம்பியோட வேலி ஒரு இடத்துல அறுந்து கிடந்துச்சு. மாடு வெளியே போயிடுமேன்னு ரஸ்ஸல் இழுத்துக் கட்டிட்டார். கையெல்லாம் கீறல். அன்னைக்கு முழுக்க அதையே சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தார்! தம்பி சரி பண்ணிட்டாரா?"

வெர்டா போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள். கட்டு அவிழ்த்த உள்ளங்கையில் தழும்புகள் சிவப்பாக இருந்தன. நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். இதோ சொல்லப் போகிறாள், சொல்லட்டும் என்று நினைத்தேன்.

"நல்லா கட்டியிருந்தார்" என்றாள் வெர்டா. "கடைசி வரைக்கும் அவிழல. அவர்கிட்ட சொல்லுங்க."

தொப்பியை அனுப்புவதாகச் சொல்லி போனை வைத்தாள்.

"ஏன் சொல்லல?" என்று நான் கத்தினேன். "அவங்க செஞ்ச வேலைக்கு..."

"என்ன செஞ்சாங்க? விழுந்து கிடந்ததை எடுத்து நிறுத்தினாங்க. நான்தான் அதைப் பார்த்தேன், வெண்டல். தொட்டுப் பார்த்தேன். என் தம்பி கட்டற முடிச்சு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விட்டுட்டு வந்தேன்." மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தாள். "அவங்களாவது தூங்கட்டும்."

விடுதி இன்னும் திறந்திருக்கிறது. சாவி அதே தாடை எலும்பில் தொங்குகிறது. காப்பியும் பீச் பையும் கிடைக்கும். போன வாரம் ஆரிகனிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. சாப்பிட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "கைடு புத்தகத்துல இல்லாத இடம் ஏதாவது இந்தப் பக்கம் இருக்கா?"

பென்சில் வெர்டாவின் காதில்தான் இருந்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டே, "இங்கே ஒண்ணும் இல்லைம்மா, நேராப் போங்க" என்றாள்.

அந்தப் பையன் வெளியே பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டான். "மலைக்குப் பின்னாடி ஏதோ பழைய ஊர் இருக்குன்னு கேள்விப்பட்டோமே, சார். எந்த வழி?"

ஹேஸ்டிப் பாதையை அன்று காலையில்தான் சமன்படுத்திவிட்டு வந்திருந்தேன். யாரும் போகாத பாதை. ஆனாலும் அது என் வேலை. சொல்ல வாயெடுத்தேன். கடை ஜன்னலுக்குப் பின்னால் வெர்டா ஈரத் துணியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதை சரியில்லை தம்பி" என்றேன். "நேராப் போங்க."